பசி மன்றம் ஏறிய வரலாறு

பசியைப் பிணி என்று பெயரிட்டு அழைத்த இனம் நம் இனம். பிணி என்றால் அதற்கு மருந்து உண்டு. மருந்து உண்டென்றால் அதனைத் தர வேண்டியவர் ஒருவரும் உண்டு. அவர் யார்? இரக்கமுள்ள செல்வரா, ஊரா, நாட்டை ஆள்வோரா? இவ்வினாவைத் தமிழ் இலக்கியம் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பியது. நாம் வாழ வந்த இந்தக் கொல்கத்தா மாநகரமோ அதனைத் தன் தெருக்களிலேயே எழுப்பி, விடை காணவும் முயன்றது. பதவியும் பொருளும் இல்லாத எளிய மக்கள், பசித்தோர் சார்பில் சட்டம் இயற்றுவோரின் வாயிலில் சென்று நின்ற வரலாற்றை இக்கட்டுரையில் சிறிது நோக்குவோம். வங்கத்தின் வரலாறாகத் தோன்றும் இதில் தமிழர்தம் வரலாறும் பல இடங்களில் பின்னிக் கிடப்பதைக் காண்போம்.

அமுதசுரபியும் அரசவையும்

மணிமேகலை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது அமுதசுரபி. எடுக்க எடுக்கக் குறையாத அந்தப் பாத்திரத்தைக் கொண்டு அவள் புகார் நகரத்து வறியோர்க்கெல்லாம் உணவளித்தாள். ஆனால் காப்பியம் அங்கே நின்றுவிடவில்லை. நகரச் சிறைக்கோட்டத்துள் புகுந்து அங்கிருந்தோர் பசியையும் ஆற்றிய அவளைச் சோழ மன்னன் அழைத்து, யாது வேண்டும் என வினவுகிறான். அவள் தனக்கென ஒன்றும் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தருமாறு வேண்டுகிறாள். மன்னனும் இசைகிறான். கையில் குறையாத பாத்திரம் இருந்தும் அரசனிடம் ஏன் கேட்டாள்? பாத்திரம் அவள் கையில் உள்ளவரை மட்டுமே பயன்படும். அரசு அமைத்த கோட்டமோ அவள் சென்ற பின்னும் நிற்கும். ஈகைக்கும் அரச நெறிக்கும் உள்ள இவ்வேறுபாட்டைச் சாத்தனார் நன்கு உணர்ந்திருந்தார் எனலாம்.

புறநானூற்றிலும் இத்தகைய காட்சி ஒன்று உண்டு. வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவன் முன் நின்று, உழவர் உழைப்பே வேந்தனது படை வெற்றிக்கும் அடிப்படை என்றும், குடிகளைக் காத்தல் அவன் கடன் என்றும் எடுத்துரைத்துத் தம் நிலத்தின் மேலிருந்த பழைய வரிக்கடனை நீக்கப் பெற்றார். இங்கே புலவர் பரிசில் வேண்டிச் சென்ற இரவலராகத் தோன்றவில்லை. வழக்குரைக்கச் சென்ற குடிமகனாகவே தோன்றுகிறார். பாட்டு, மனுவாகிய இடம் இது.

சென்னையும் கல்கத்தாவும் எழுதிய மனுக்கள்

முடியரசு போய்க் கும்பினி ஆட்சி வந்தபோது, சட்டம் இயற்றும் மன்றம் கடல் கடந்து இலண்டனில் இருந்தது. 1851ஆம் ஆண்டில் கல்கத்தாவில் பிரிட்டிஷ் இந்தியர் சங்கமும், அதனையடுத்துச் சென்னையில் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் முன்னின்று நடத்திய சென்னைவாசிகள் சங்கமும் தோன்றின. இரண்டும் 1852ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திற்கு மனு விடுத்தன. வரிச்சுமையால் உழவர் நலிவதையும், வரி தண்டுவதற்காக அவர்கள் உடல் வதைக்கப்படுவதையும் சென்னை மனு எடுத்துக்காட்டிற்று. அதன் பயனாக டான்பி சீமோர் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் 1853இல் சென்னை மாகாணத்திற்கு வந்து நிலைமையை நேரிற் கண்டார். பின்னர் அமைந்த விசாரணைக் குழு, சித்திரவதை நிகழ்ந்தது உண்மையே என 1855இல் அறிக்கை தந்தது. ஒரு மனு ஆட்சியை மாற்றிவிடவில்லை. ஆயினும் மறைத்து வைக்கப்பட்ட உண்மையை ஆட்சியாளரின் ஏட்டிலேயே எழுதச் செய்தது.

பஞ்ச காலங்களில் சென்னையும் வங்கமும் எவ்வாறு பிணைந்திருந்தன என்பதற்கு ரிச்சர்டு டெம்பிள் என்பவரின் கதை தக்க சான்று. 1873-74இல், அன்று வங்கத்தோடு இணைந்திருந்த பீகாரில் மழை பொய்த்தது. டெம்பிள் பர்மாவிலிருந்து ஏறத்தாழ நாலரை லட்சம் டன் அரிசியைத் தருவித்து மக்களுக்கு அளித்தார். பட்டினிச் சாவு ஏறக்குறைய இல்லாமலே அப்பஞ்சம் கடந்தது. ஆனால் உயிர்களைக் காத்ததற்காக அவர் புகழப்படவில்லை. பணத்தை மிகுதியாகச் செலவிட்டார் என்று பழிக்கப்பட்டார். அப்பழியைத் துடைத்துக்கொள்ள விரும்பியவர் போல, 1877இல் தாது ஆண்டுப் பஞ்சத்தைப் பார்வையிடச் சென்னைக்கு அனுப்பப்பட்டபோது, நிவாரண வேலை செய்தோரின் கூலியை நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியமும் சில்லறைக் காசும் என்னும் அளவிற்குக் குறைத்துவிட்டார். உழைக்கும் உடல் இவ்வுணவைக் கொண்டு வாழ முடியாது எனச் சென்னைச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் இந்தியாவில் ஐம்பது லட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது மதிப்பீடு.

அப்பொழுது சென்னையில் பத்திரிகையாசிரியராக இருந்து நிவாரண நிதிக்குச் செயலாளராகப் பணியாற்றியவர் வில்லியம் டிக்பி. தாம் கண்டவற்றை 1878இல் இரு தொகுதிகளாக எழுதி வெளியிட்டார். இலண்டன் திரும்பிய பின்பும் அவர் சும்மா இருக்கவில்லை. காங்கிரசின் பிரிட்டிஷ் குழுவிற்குச் செயலாளராகி, இந்தியாவின் வறுமையை நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் இடைவிடாது எடுத்துரைத்தார். 1892இல் தாதாபாய் நவ்ரோஜி அம்மன்றத்தின் உறுப்பினராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். 1880ஆம் ஆண்டுப் பஞ்ச விசாரணைக் குழுவின் விளைவாகப் பஞ்ச விதித்தொகுப்புகளும் உருவாயின. எந்நிலையில் பஞ்சம் என அறிவிக்க வேண்டும், எவருக்கு வேலை, எவருக்கு இலவச உணவு என்பனவெல்லாம் எழுத்தில் இடம்பெற்றன. எழுத்தில் இருந்த அவ்விதியைச் செயல்படுத்தாது விட்டதே பின்னர் வங்கத்தில் விளைந்த பெருங்கேட்டின் ஒரு கூறு என்பதை நாம் மறத்தலாகாது.

பர்மா அரிசியும் வங்கத்துப் பசியும்

1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தைப் பேசப் புகுவோர் பர்மாவிலிருந்து தொடங்குதல் வேண்டும். ஐராவதி ஆற்றுப் படுகையைப் பெரும் நெற்களஞ்சியமாக்கிய முதலில் நாட்டுக்கோட்டை நகரத்தார் ஈந்த கடனுக்குப் பெரும்பங்கு உண்டு. உலகப் பொருளாதார மந்தத்தின்போது கடன் தீர்க்க இயலாதோர் நிலங்கள் அவர்கள் கைக்கு வந்தன. 1938 அளவில் கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் நகரத்தாரிடம் இருந்தது. தமிழ்த் தொழிலாளர் பலர் அங்கே உழைத்தனர். அந்த அரிசி கல்கத்தாத் துறைமுகத்தில் வந்து இறங்கிற்று.

1942 மார்ச்சுத் திங்களில் ஜப்பானியர் ரங்கூனைக் கைப்பற்றினர். அரிசி வரவு நின்றது. நூறாயிரக்கணக்கான இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். அவர்களுள் தமிழர் பலர். காட்டு வழியிலும் மலை வழியிலும் நடந்து, நோயாலும் பசியாலும் ஆயிரமாயிரவர் மடிய, எஞ்சியோர் அசாமையும் சிட்டகாங்கையும் கல்கத்தாவையும் வந்தடைந்தனர். பர்மாவில் அடுப்பணைந்த தமிழ்க் குடும்பத்தின் துயரும், அடுத்த ஆண்டில் வங்கச் சிற்றூரில் அடுப்பணைந்த குடும்பத்தின் துயரும் ஒரே போரின் இரு கிளைகள்.

பகைவர் கையில் எதுவும் சிக்கக் கூடாதென்று கடலோர மாவட்டங்களில் அரிசியையும் படகுகளையும் அரசு அப்புறப்படுத்திற்று. ஆறுகளே வீதிகளாக உள்ள கீழ் வங்கத்தில் படகைப் பறிப்பது, வண்டியையும் ஏரையும் ஒருங்கே பறிப்பதற்கு ஒப்பாகும். மீனவர் தொழிலிழந்தனர். 1942 அக்டோபர் 16ஆம் நாள் மேதினிபூர்க் கரையைப் பெரும்புயல் தாக்கிற்று. போர்ச் செலவால் பணம் பெருகி விலை ஏறிற்று. கல்கத்தாவில் மொத்த விற்பனை விலையில் ஒரு மணங்கு அரிசி 1942 டிசம்பர் 11ஆம் நாள் 13, 14 ரூபாயாக இருந்தது. 1943 மார்ச்சு 12இல் 21 ரூபாயாயிற்று. மே 21இல் 30 ரூபாயைக் கடந்தது. ஆகஸ்டு 20இல் 37 ரூபாயை எட்டிற்று. வங்க மணங்கு என்பது ஏறத்தாழ 37 கிலோகிராம். நாட்கூலி வாங்குவோன் வீட்டில் உலை ஏறுமா என்பதை இக்கணக்கே சொல்லும்.

1943 மார்ச்சு 17

இந்தச் சூழலில்தான் கல்கத்தா வரலாற்றில் நாம் போற்றத்தக்க ஒரு நாள் வந்தது. 1942ஆம் ஆண்டில் ‘மகிளா ஆத்ம ரட்சா சமிதி’ என்னும் அமைப்பு இங்கே உருவாயிற்று. மகளிர் தற்காப்புச் சங்கம் என அதனைத் தமிழில் கூறலாம். பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த பெண்கள் இதற்கு முன்னோடிகள். கட்சி சாராத மகளிரும் இணைந்தனர். பாரிசால் நகரத்திலிருந்து வந்த மணிகுந்தலா சென், கேம்பிரிட்ஜில் கற்றுத் திரும்பிய ரேணு சக்கரவர்த்தி முதலியோர் இதில் முன்னின்று உழைத்தனர். போர்க்காலத் தற்காப்புக்கென எழுந்த சங்கம், அரிசி விலை ஏறத் தொடங்கியதும், தற்காப்பின் முதற்படி சோறே என்பதை உணர்ந்தது. உறுப்பினர்கள் சேரிகள்தோறும் சென்றனர். அடுப்படியில் அமர்ந்து பேசினர். எத்தனை வீட்டில் எத்தனை வேளை உலை ஏறுகிறது எனக் கேட்டறிந்தனர்.

1943 மார்ச்சு 17ஆம் நாள் ஏறத்தாழ ஐயாயிரம் பெண்கள் ஊர்வலமாகச் சென்று வங்கச் சட்டமன்றத்தின் வாயிலில் கூடினர். கைக்குழந்தையோடு வந்தோர் பலர். வீட்டு வாயிலைத் தாண்டிப் பழகாத பெண்களும், உழைத்துண்ணும் சேரிப் பெண்களும், கல்லூரி கண்ட பெண்களும் ஒரே வரிசையில் நடந்தனர். அன்று வாக்குரிமை சொத்தையும் கல்வியையும் அளவுகோலாகக் கொண்டது. ஆதலின் அந்த ஐயாயிரவருள் மிகப் பலருக்கு வாக்கே இல்லை. வாக்கு கேட்டு எவரும் தம் வாயிலுக்கு வாராத அப்பெண்கள், சோறு கேட்டுத் தாமே சட்டமன்றத்தின் வாயிலுக்கு வந்தனர்.

அந்நாளில் முதலமைச்சராக இருந்தவர் ஃபஸ்லுல் ஹக். 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் அனைவர்க்கும் பருப்பும் சோறும் என்று முழங்கி உழவர் உள்ளம் கவர்ந்தவர் அவர். அந்தச் சொல்லையே இப்பெண்கள் அவர்முன் நினைவூட்ட வந்தனர் போலும். அவர் அவர்களைச் சந்தித்தார்; வந்தோர்க்கு அங்கேயே அரிசி வழங்க ஏற்பாடாயிற்று. விலையைக் கட்டுப்படுத்துக, நியாயவிலைக் கடைகளைத் திறந்திடுக என்னும் கோரிக்கைகள் அன்று முதல் வங்க அரசியலில் நிலைத்துவிட்டன. மேதினிபூர் முதலிய மாவட்டங்களிலும் பெண்கள் அதிகாரிகளின் அலுவலகங்களுக்குப் பட்டினி ஊர்வலம் சென்றனர். மே மாதத்தில் சங்கத்தின் முதல் மாநாடு கல்கத்தாவில் கூடிற்று. 1944இல் அதன் உறுப்பினர் தொகை நாற்பதினாயிரத்தைத் தாண்டிற்று.

ஒருநாள் அரிசியும் ஓராண்டுப் பஞ்சமும்

இவ்வூர்வலம் பஞ்சத்தைத் தடுத்ததா எனின், இல்லை என்றே கூற வேண்டும். மார்ச்சுத் திங்கள் முடிவதற்குள் ஃபஸ்லுல் ஹக் பதவி விலக நேர்ந்தது. ஏப்ரலில் நாஜிமுதீன் அமைச்சரவை வந்தது. உணவுப் பற்றாக்குறை பெரிதில்லை, பதுக்கலே காரணம் என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. பஞ்சம் என்று முறையாக அறிவித்தால் பஞ்ச விதித்தொகுப்பின்படி அனைவர்க்கும் உணவளிக்கக் கடமை ஏற்படும். அதற்கான தானியம் கையில் இல்லை என்று அறிவிப்பையே தவிர்த்தனர். மருந்தில்லை என்பதற்காக நோயின் பெயரைச் சொல்லாதிருந்த மருத்துவனின் செயலை இது ஒத்திருந்தது.

கோடைக்குப்பின் சிற்றூர் மக்கள் கல்கத்தாத் தெருக்களில் வந்து குவிந்தனர். சோறு கேட்கவும் துணிவின்றி, வடித்த கஞ்சியேனும் ஊற்றுங்கள் என்று வீடுதோறும் அவர்கள் எழுப்பிய குரலை இந்நகர முதியோர் நெடுநாள் மறக்கவில்லை. தணிக்கை விதிகளில் புகைப்படத்திற்குத் தடை இல்லை என்பதைக் கண்ட ‘ஸ்டேட்ஸ்மன்’ ஆசிரியர் ஐயன் ஸ்டீபன்ஸ், ஆகஸ்டு 22ஆம் நாள் தெருவில் கிடந்தோரின் படங்களை வெளியிட்டார். ஓவியர் சித்தபிரசாத் மேதினிபூரில் சுற்றி வரைந்து எழுதிய நூலை அரசு பறிமுதல் செய்தது. ஜைனுல் ஆபேதின் வரைந்த கோடுகளும், சுனில் ஜானா எடுத்த படங்களும், பிஜன் பட்டாச்சார்யாவின் ‘நபான்ன’ நாடகமும் அத்துயரின் சான்றுகளாக நிலைத்தன. மகளிர் சங்கத்தாரும் மக்கள் நிவாரணக் குழுவினரும் வங்க நிவாரணக் குழுவினரும் வேறு பல அமைப்பினரும் கஞ்சித் தொட்டிகளும் பால் வழங்கு நிலையங்களும் நடத்தினர்.

அக்டோபரில் புதிய வைசிராயாகப் பதவியேற்ற வேவல் கல்கத்தா வந்து கண்ட பின்னரே இராணுவத்தின் துணையோடு தானியம் உள்ளூர்களுக்குச் சென்றது. 1944இன் தொடக்கத்தில் கல்கத்தாவில் முறையான பங்கீடு நடைமுறைக்கு வந்தது. அதற்குள் மாண்டோர் பதினைந்து லட்சம் என்று அரசு அமைத்த விசாரணைக் குழு கணித்தது. முப்பது லட்சம் அளவில் இருக்கும் என்பது பிற்கால ஆய்வாளர் பலரின் கருத்து.

மகளிர் சங்கத்தின் மீது குறை கூறினோரும் உண்டு. காங்கிரசுத் தலைவர்கள் 1942 ஆகஸ்டு முதல் சிறையில் இருக்க, பொதுவுடைமைக் கட்சி போர் முயற்சியை ஆதரித்தது; அதனால் அரசை வன்மையாக எதிர்க்கத் தயங்கியது என்பது அவர்தம் குற்றச்சாட்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் தெருவில் கிடந்த குழந்தைக்குப் பாலூட்டிய கை எக்கட்சியின் கை என்று பார்த்து அதன் அறத்தை அளத்தல் முறையன்று. அந்தப் பெண்கள் இரண்டையும் செய்தனர்: ஒரு கையால் கஞ்சி வார்த்தனர், மறு கையால் மனுவை நீட்டினர். இவ்விரண்டில் முன்னது மட்டும் போதும் எனக் கருதியிருப்பின் வரலாறு அவர்களைத் தனியே குறித்திராது.

இலண்டனும் வாஷிங்டனும்

வங்கத்தின் பசியைத் தீர்க்க வேண்டிய கப்பல்கள் இலண்டனின் ஆணைக்குக் கட்டுப்பட்டிருந்தன. அங்கே இந்தியா லீக் என்னும் அமைப்பைப் பல்லாண்டு நடத்தி வந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற வி. கே. கிருஷ்ண மேனன். தொழிற்கட்சி உறுப்பினர்களைக் கொண்டு நாடாளுமன்றத்தில் வினா எழுப்புவதும், ஊர்தோறும் கூட்டம் நடத்துவதும், துண்டறிக்கை வெளியிடுவதும் அவ்வமைப்பின் வழக்கம். 1943 நவம்பர் 4ஆம் நாள் இந்தியாவின் உணவு நிலை பற்றி மக்களவையில் விவாதம் நிகழ்ந்தது. ஆயினும் போர் அமைச்சரவை வேண்டிய அளவு கப்பல்களை ஒதுக்கவில்லை.

அமெரிக்காவில் நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. நியூயார்க்கில் துணி வணிகம் செய்துவந்த ஜே. ஜே. சிங் என்னும் சீக்கியர் அமெரிக்க இந்தியா லீகின் தலைவராக இருந்தார். 1943 நவம்பர் 9ஆம் நாள் 44 நாடுகள் கூடி, போரால் நலிந்தோர்க்கு உதவ அன்ரா என்னும் நிறுவனத்தை அமைத்தன. இந்தியாவும் அதில் ஓர் உறுப்பு. ஆனால் பகைவரிடமிருந்து மீட்கப்பட்ட நாடுகளுக்கே உதவி என்பது விதி. பகைவர் கையில் வீழாத வங்கத்திற்கு அவ்விதிப்படி ஒரு பிடி தானியமும் இல்லை. சிங் வாஷிங்டன் சென்று சட்டமன்ற உறுப்பினர்களைத் தனித்தனியே கண்டு வழக்குரைத்தார். கார்ல் மண்ட் என்னும் உறுப்பினர் கொண்டுவந்த திருத்தத்தின்படி, போர் நடவடிக்கைக்கு இன்றியமையாத பகுதி பஞ்சத்தாலோ நோயாலோ தாக்குண்டால் அங்கும் உதவலாம் என்பது 1944 மார்ச்சில் அமெரிக்கச் சட்டமாயிற்று.

வாயில் திறந்தது, ஆனால் உள்ளே நுழைய வேண்டியவர் நுழையவில்லை. பிரிட்டிஷ் இந்திய அரசு வங்கத்திற்கென அவ்வுதவியைக் கேட்கவே இல்லை. மக்கள் தம் சார்பில் பேசும் அரசைப் பெறாதவரை, பிறநாட்டார் இரங்கி இயற்றும் சட்டமும் ஏட்டுச் சுரைக்காய் ஆகிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. 1951இல் இந்திய அரசே கேட்டது. சிங்கும் அவர் தோழர்களும் மீண்டும் உழைத்தனர். இருபது லட்சம் டன் தானியத்திற்காக 19 கோடி டாலர் கடனுதவி அளிக்கும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறிற்று.

வாயிலில் நின்றோர் அவையினுள்

விடுதலை பெற்ற வங்கத்தின் முதல் ஆளுநராக 1947இல் இந்நகரில் பதவியேற்றவர் நம் இராஜாஜி. 1952இல் வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமையோடு முதற் பொதுத்தேர்தல் நடந்தது. மணிகுந்தலா சென் காளிகாட் தொகுதியிலிருந்து மேற்கு வங்கச் சட்டமன்றத்திற்கும், ரேணு சக்கரவர்த்தி பசீர்ஹாட் தொகுதியிலிருந்து மக்களவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் சட்டமன்ற வாயிலில் மனுவோடு நின்ற இயக்கம், இப்பொழுது அவையின் இருக்கையில் அமர்ந்தது.

எனினும் பசி தேர்தலோடு தீரவில்லை. 1959இல் அரிசி விலை ஏறியபோது விலையேற்ற, பஞ்ச எதிர்ப்புக் குழு என்னும் பெயரில் எதிர்க்கட்சிகள் ஒன்றுகூடின. ஆகஸ்டு 31ஆம் நாள் மைதானத்தில், பின்னாளில் ஷாகித் மினார் எனப் பெயர் பெற்ற தூணின் அடியில், சிற்றூர் மக்கள் பெருந்திரளாகக் கூடித் தலைமைச் செயலகமாகிய ரைட்டர்ஸ் கட்டடம் நோக்கிப் புறப்பட்டனர். காவலர் தடியடியில் பலர் மாண்டனர். 80 பேர் இறந்தனர் என்பது இயக்கத்தார் கணக்கு. 1966 பிப்ரவரியில் பசீர்ஹாட் வட்டாரத்தில் அரிசியும் மண்ணெண்ணெயும் கேட்டுச் சென்ற கூட்டத்தின் மீது நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் நூருல் இஸ்லாம் என்னும் பள்ளிச் சிறுவன் உயிரிழந்தான். மறு ஆண்டுத் தேர்தலில் முதலமைச்சர் பிரபுல்ல சந்திர சென் ஆராம்பாக் தொகுதியில் தோல்வியுற்றார். 1943இல் வாக்கில்லாத பெண்கள் கேட்டதை ஒரு நாள் அரிசியால் அமைதிப்படுத்த முடிந்தது. 1967இல் வாக்குள்ள மக்கள் கேட்டதை அவ்வாறு தள்ள முடியவில்லை.

1943இல் சாந்திநிகேதனில் சிறுவனாக இருந்து பஞ்சத்தைக் கண்ட அமர்த்தியா சென் 1981இல் எழுதிய நூலில் இவ்வரலாற்றின் உட்பொருளை விளக்கினார். அவர் கணக்கின்படி 1943இல் வங்கத்தில் கிடைத்த உணவு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியினும் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கே குறைவு. பஞ்சமில்லாத 1941ஐ விட அது மிகுதி. உணவு இல்லாமையினும், உணவைப் பெறும் உரிமை இல்லாமையே மக்களைக் கொன்றது என்பது அவர் முடிவு. செய்தித்தாளும் எதிர்க்கட்சியும் தேர்தலும் செவ்வையாக இயங்கும் நாட்டில் பெரும் பஞ்சம் நேர்வதில்லை என்றும் அவர் பின்னர் வலியுறுத்தினார்.

சட்டமாகிய சோறு

உரிமை என்னும் அச்சொல் 2001ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் ஒலித்தது. கிடங்குகளில் தானியம் மலைபோல் கிடக்க, இராஜஸ்தான் சிற்றூர்களில் மக்கள் பட்டினி கிடந்தனர். மக்கள் சிவில் உரிமைக் கழகம் வழக்குத் தொடுத்தது. தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குச் சமைத்த மதிய உணவு அளிக்க வேண்டும் என 2001 நவம்பர் 28ஆம் நாள் நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. இது நடக்கக்கூடியதா என ஐயுற்றோர்க்குத் தொண்டர்கள் காட்டிய எடுத்துக்காட்டு தமிழ்நாடு. காமராசர் காலத்தில் 1956இல் விரிவடைந்து, எம்.ஜி.ஆர். காலத்தில் 1982இல் சத்துணவுத் திட்டமாக வளர்ந்த பந்தி அது. இன்று வங்கத்துப் பள்ளியில் ஒரு குழந்தை உண்ணும் சோற்றில் நம் தாயகத்தின் பட்டறிவும் கலந்திருக்கிறது என எண்ணி நாம் மகிழலாம்.

தொண்டர்களின் நீண்ட முயற்சிக்குப்பின் 2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சிற்றூர்ப்புறத்தில் நூற்றுக்கு 75 பேர் வரையிலும் நகர்ப்புறத்தில் 50 பேர் வரையிலும், ஆளொன்றுக்குத் திங்கள்தோறும் ஐந்து கிலோ தானியம் பெற அது வகை செய்தது. மணிமேகலை வேண்டிய அறக்கோட்டம் நெடுங்காலத்திற்குப் பின் சட்டத்தின் வடிவம் பெற்றது எனலாம். ஆயினும் சட்டம் தானே நடந்து வீட்டிற்கு வருவதில்லை. குடும்ப அட்டை இல்லாதோர், ஊர் விட்டு ஊர் சென்று கூலி செய்வோர், விரல் ரேகை பதியாத முதியோர் ஆகியோர் இன்னும் அதன் நிழலுக்கு வெளியே நிற்கின்றனர்.

இவ்வுணர்வு ஒரு நாட்டோடு அடங்குவதன்று. இசையாசிரியராக இருந்த சாம் டேலி-ஹாரிஸ் என்பவர் 1980இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ரிசல்ட்ஸ்’ என்னும் அமைப்பில், தொண்டர்கள் தம் ஊர் உறுப்பினர்க்குக் கடிதம் எழுதியும், பத்திரிகைகளுக்கு எழுதியும், நேரிற் கண்டு பேசியும், தாம் கண்டிராத நாடுகளின் பசிக்காக வழக்குரைக்கின்றனர். வெள்ளைக்குடி நாகனார் தம் நிலத்திற்காகப் பேசினார். இவர்கள் முகமறியாதார் நிலத்திற்காகப் பேசுகின்றனர்.

நம் கடன்

புலம்பெயர்ந்து வந்த நாம் பல தலைமுறையாக இந்நகரத்தின் சோற்றை உண்டு வளர்ந்தோம். கோயில் கட்டினோம், பள்ளி நடத்தினோம், சங்கம் கண்டோம், இசைவிழா எடுத்தோம். விழா நாட்களில் அன்னதானமும் குறைவின்றிச் செய்கின்றோம். இவையெல்லாம் போற்றத்தக்கன. ஆனால் இந்நகரின் பொது வாழ்வை வங்கத்தார் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்கி நிற்கும் மனப்பான்மை நம்மிடையே இல்லை என்று கூற முடியாது. வந்தேறியவர்க்கு வாய் எதற்கு என்னும் தயக்கம் முதல் தலைமுறைக்கு இயல்பு. இங்கேயே பிறந்து, இங்கேயே வாக்களிக்கும் தலைமுறைக்கு அது பொருந்தாது.

நம் வீட்டில் பணி செய்யும் அம்மையாருக்கு அட்டை கிடைக்கவில்லை எனில், அவருக்கு ஒரு படி அரிசி அளப்பது நல்லது. அவரோடு பங்கீட்டு அலுவலகம் சென்று மனு எழுதிக் கொடுப்பதும், அது தேங்கினால் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரைக் காண்பதும் அதனினும் நல்லது. அளந்த அரிசி அவர் வீட்டில் ஒரு கிழமை நிற்கும். திருத்தப்பட்ட பட்டியல் அவர் தெருவிலுள்ளோர் அனைவர்க்கும் ஆண்டுதோறும் பயன் தரும். தமிழும் வங்கமும் ஆங்கிலமும் அறிந்த நம் இளைஞர்க்கு இப்பணி கடினமன்று. சங்கத்தின் ஓர் அறையில் வாரத்தில் ஒரு மாலை இதற்கென ஒதுக்கினாலே போதும்.

சட்டமன்றத்தின் அருகே செல்லும்போது நம் பிள்ளைகளுக்கு அக்கட்டடத்தைக் காட்டி, 1943 மார்ச்சு 17ஆம் நாள் ஐயாயிரம் தாய்மார் இங்கே வந்து நின்றனர் என்று சொல்வோம். அவர்களுள் பலருடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் தொடங்கி வைத்த கேள்வியை நம் தலைமுறையும் தன் பங்கிற்குத் தொடர்ந்து கேட்கட்டும்.